ஆட்டோமேட்டிக் காரில் காலுக்கு வேலை பிரேக்கில்தான்

ஆட்டோமேட்டிக் கார் வாங்கப் போகிறேன் என்று எங்கள் பக்கத்தில் யாராவது சொன்னால் உடனே வரும் பதில், "அது ஸ்கூட்டி மாதிரிங்க, முறுக்குனா போவும், பிரேக் புடிச்சா நிக்கும்" என்பதுதான். இதை நம்பி ஸ்டீயரிங்கில் உட்காருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஸ்கூட்டியில் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தாலும் நாம் முறுக்காதவரை வண்டி நகராது. கார் அப்படி இல்லை. லீவரை முன்னால் போவதற்கான 'டி'-யில் போட்டுவிட்டுப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் போதும், ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே ஊர்ந்து போக ஆரம்பித்துவிடும். நிற்கும் நேரமெல்லாம் நம் கால் பிடித்து வைத்திருப்பதால்தான் அது நிற்கிறது. இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் சில வாரங்களில் வந்துவிடும், பதியாவிட்டால் பல வருடம் ஓட்டினாலும் ஆபத்து கூடவே வரும்.

அதுவும் டெல்டாவில். இங்கே ஊர்ச் சாலை என்றால் ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் வயல், நடுவில் ஒரு மினி பஸ் போகிற அகலத்துக்குத் தார். வெண்ணாறு, வெட்டாறு, பாமணியாறு, கோரையாறு, எந்த ஆற்றங்கரைச் சாலையில் போனாலும் பாதித் தூரம் தடுப்பே இருக்காது. மதகின் கைப்பிடிச் சுவர் இடிந்து கிடக்கும். வீட்டு வாசலில் நிறுத்தினால்கூட வண்டியின் மூக்கு வாய்க்காலைப் பார்த்தபடிதான் நிற்கும். பக்கத்து ஊரில் ஒருவர் ரிவர்ஸ் போட்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு 'டி'-யில் ஆக்ஸிலேட்டரை மிதித்து, வாசலுக்கு எதிரே இருந்த வாய்க்காலுக்குள் வண்டியோடு இறங்கிவிட்டார். கோடைக்காலம், தண்ணீர் முழங்கால் அளவுதான் இருந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, வாய்க்கால் முட்ட முட்டத் தண்ணீர் ஓடுகிற நேரமாக இருந்திருந்தால் என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

நான் திருவாரூரில் ஆசிரியை. அப்பா கொரடாச்சேரிக்குப் பக்கத்தில் கிராமத்தில் இருக்கிறார். அம்பாசிடர் காலத்திலிருந்து ஓட்டியவர். இடது முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனபிறகு கிளட்ச் மிதிக்க முடியவில்லை, அதனால் வண்டியை மாற்றினோம். எங்கள் வீட்டில் இப்போது இருப்பது ஏஎம்டி, திருச்சியில் தம்பி வைத்திருப்பது டார்க் கன்வர்ட்டர், இரண்டும் ஆட்டோமேட்டிக்கில் இரு வகை, வித்தியாசத்தைப் பின்னால் சொல்கிறேன், இரண்டையும் ஓட்டுகிறேன். அப்பாவுக்கும், பிறகு என் அத்தைக்கும், கூட வேலை பார்க்கும் சில டீச்சர்களுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கியிருக்கிறேன். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களைவிட, நாற்பது வருடம் கியர் வண்டி ஓட்டியவர்களுக்குத்தான் இது கஷ்டம் என்பது அப்பாவோடு உட்கார்ந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. "ஏம்மா, கிளட்ச் இல்லாம வண்டிய மெல்ல எப்புடிம்மா நவுத்துறது?" என்று முதல் நாளே கேட்டார். மிகச் சரியான கேள்வி. கியர் வண்டியில் சந்தில் திரும்பும்போதும், மாட்டுக்குப் பின்னால் ஊரும்போதும் வேகத்தைப் பிடித்து வைத்திருப்பது இடது கால், கிளட்சைப் பாதி மட்டும் விட்டு வைத்திருக்கிற அரைக் கிளட்சில். ஆட்டோமேட்டிக்கில் அந்த வேலை முழுக்கப் பிரேக்குக்குப் போய்விடுகிறது, அதுவும் வலது காலுக்கு.

இடது காலுக்கு என்ன வேலை? எதுவுமே இல்லை. பிரேக்குக்கு இடதுபுறம் கால் வைத்துக்கொள்ள ஒரு மேடு கொடுத்திருப்பார்கள், இல்லாவிட்டால் தரைவிரிப்பு இருக்கிறது, அங்கே வைத்துவிட்டு மறந்துவிட வேண்டும். ஒரு காலுக்கு ஆக்ஸிலேட்டர், இன்னொரு காலுக்குப் பிரேக் என்று பிரித்துக்கொள்ளலாமே என்று தோன்றும், அத்தைக்கும் தோன்றியது. கூடாது. இடது கால் இத்தனை வருடம் கிளட்சைத் தரை வரை அழுத்திப் பழகிய கால், அதற்கு மெல்ல மிதிக்கத் தெரியாது. அந்தப் பழக்கத்தில் பிரேக்கில் வைத்தால் வண்டி அப்படியே குத்தி நிற்கும், பின்னால் வருகிற பைக்காரர் டிக்கியில் வந்து மோதுவார். அதைவிட மோசம், அவசரத்தில் இரண்டு காலும் ஒரே நேரத்தில் அழுத்திவிடும். அப்பாவுக்கு முதல் சில நாள் இடது காலை மடக்கி சீட்டின் விளிம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளச் சொன்னேன். பழகிய பிறகு அந்தக் கால் கிளட்சைத் தேடுவதை நிறுத்திவிட்டது.

வலது காலை வைக்கிற விதமும் முக்கியம். குதிகால் பிரேக்குக்கு நேராகத் தரையில் பதிய வேண்டும். ஆக்ஸிலேட்டருக்குப் போக வேண்டுமானால் குதிகாலை எடுக்காமல் முன்பாதத்தை மட்டும் வலப்பக்கம் சாய்க்க வேண்டும். அப்படி வைத்தால் ஒன்றும் யோசிக்காத நேரத்தில் கால் தானாகப் பிரேக்கின் மேல்தான் வந்து உட்காரும். சீட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் காலை எட்டி நீட்டி ஓட்டுகிறவர்களுக்கு இது வராது, பிரேக்கை முழுசாக அழுத்தினாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கிற அளவுக்கு சீட்டை முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் செருப்போடு ஓட்டாதீர்கள், அது பெடலுக்கு அடியில் மாட்டும். வேட்டி கட்டியவர்கள் மடித்துக் கட்டிக்கொண்டு உட்காருவது நல்லது, புடவைக் கொசுவத்தையும் ஒதுக்கிவிட வேண்டும். காலடியில் தண்ணீர் பாட்டில் உருளக்கூடாது, கோயிலுக்குப் போகிற அவசரத்தில் அர்ச்சனைத் தட்டுப் பையை டிரைவர் பக்கம் வைக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பழகுவதற்கு ரோட்டுக்குப் போகாதீர்கள். இப்போது எல்லா ஊர் ஓரத்திலும் வயலை மனையாக்கிப் பிளாட் போட்டு வைத்திருக்கிறார்கள், வீடே வராத இடத்தில் ரோடு மட்டும் இருக்கும். வயல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு, அது தனிக்கதை, வண்டி பழக மட்டும் அந்த ரோடு நல்ல இடம். அங்கே போய் முதலில் ஆக்ஸிலேட்டரைத் தொடவே தொடாதீர்கள். பிரேக்கை மிதித்து ஸ்டார்ட் செய்து, 'டி'-யில் போட்டு, பிரேக்கை மெல்ல மெல்ல விட்டு, வண்டி ஊர்வதை உணர்ந்து, மறுபடி மெல்ல அழுத்தி நிறுத்துங்கள். நேராகப் போவது, திரும்புவது, ஒரு கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவது, ரிவர்ஸில் வருவது, எல்லாமே பிரேக்கை விட்டுப் பிடிப்பதால் மட்டும். அப்பா இதை அரை மணி நேரம் செய்துவிட்டு "இதாம்மா அரைக் கிளட்சு" என்றார். அவருக்குப் பிடிபட்டுவிட்டது என்று அப்போதே எனக்கு நிம்மதி வந்தது. டெல்டா ஊர்களில் சந்து, கோயில் வீதி, கடைத்தெரு எல்லாவற்றிலும் ஓட்டுவதற்கு இந்த ஒரு வித்தை போதும். அந்த இடங்களில் ஆக்ஸிலேட்டருக்குத் தேவையே வராது.

கியர் லீவர் விஷயத்துக்கு வருகிறேன். பி, ஆர், என், டி என்று எழுத்துகள் இருக்கும். 'பி' நிறுத்தி வைக்க, 'ஆர்' ரிவர்ஸ், 'என்' நியூட்ரல், 'டி' முன்னால் போக. நிறுத்தி வைக்கவோ, முன்னும் பின்னும் மாற்றவோ லீவரை நகர்த்தினால் வண்டி முழுசாக நின்றிருக்க வேண்டும், கால் பிரேக்கில் இருக்க வேண்டும். கொஞ்சம் பின்னால் உருண்டுகொண்டிருக்கும்போதே 'டி'-க்குத் தள்ளுகிற பழக்கம் கியர்பாக்ஸைக் கெடுக்கும். லீவரைப் போட்டபிறகு கை போன இடத்தை நம்பாமல் கண்ணால் எழுத்தைப் பார்க்க வேண்டும், மீட்டரிலும் அந்த எழுத்து எரியும். நான் பழக்கியவர்களை எழுத்தை வாய்விட்டுச் சொல்ல வைத்தேன். "ரிவர்ஸ்" என்று சொல்லிவிட்டுத்தான் அப்பா பிரேக்கை விடுவார், இன்றைக்கும் சொல்கிறார். அந்த வாய்க்கால் விபத்துக்கு வேறு மருந்து கிடையாது என்றே நினைக்கிறேன். எழுத்தைப் பார்ப்பது, சொல்வது, பிரேக்கை விட்டு வண்டி எந்தப் பக்கம் ஊர்கிறது என்று பார்ப்பது, அதற்குப் பிறகு தேவைப்பட்டால் மட்டும் ஆக்ஸிலேட்டர். இப்படிச் செய்தால் லீவர் தப்பாக விழுந்திருந்தாலும் வண்டி ஒரு சாண் நகரும்போதே தெரிந்துவிடும், மிதித்து நிறுத்திவிடலாம்.

'பி' எல்லா வண்டியிலும் இருக்காது. இங்கே விற்கும் சிறிய ஏஎம்டி வண்டிகள் பலவற்றில் ஆர், என், டி, அப்புறம் நாமே கியர் மாற்ற ஒரு 'எம்', அவ்வளவுதான். அதில் நிறுத்தும்போது பிரேக்கை மிதித்தபடி ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் விட்டே என்ஜினை அணைப்பார்கள், திரும்ப ஸ்டார்ட் செய்யும்போது பிரேக்கை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். உங்கள் வண்டிக்கு எப்படி என்று கூடவே வரும் புத்தகத்தில் எழுதியிருக்கும், அந்தப் பக்கத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள், டெலிவரி எடுக்கும்போது மாலையும் இனிப்பும் கொடுக்கிற அவசரத்தில் இதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். 'பி' உள்ள வண்டியில் ஒரு வரிசை உண்டு. சரிவான இடத்தில் நின்றதும் நேராக 'பி'-க்குத் தள்ளிவிட்டுக் காலை எடுத்தால், வண்டியின் மொத்தப் பாரமும் கியர்பாக்ஸுக்குள் இருக்கிற ஒரு சிறு இரும்புக் கொக்கியின் மேல் தொங்கும், திரும்ப எடுக்கும்போது 'டக்' என்று அடித்துக்கொண்டு வெளியே வரும். நின்றதும் நியூட்ரல், ஹேண்ட்பிரேக், பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்திப் பாரம் ஹேண்ட்பிரேக்கில் உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டு, மறுபடி பிரேக்கை மிதித்து 'பி'. பழகிவிட்டால் இரண்டு நொடி வேலை.

இன்னொன்று, இது நம் ஊருக்கே உரியது. கிராமத்தில் கார் போனால் யாராவது கைகாட்டி நிறுத்துவார்கள். "என்னம்மா, எப்ப வந்தீங்க, அப்பா கால் எப்படி இருக்கு" என்று ஜன்னலில் கை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் பேசுவார்கள். நாமும் 'டி'-யிலேயே பிரேக்கை மிதித்தபடி பேசிக்கொண்டிருப்போம், பேச்சு சுவாரசியத்தில் கால் லேசாகத் தளரும், வண்டி ஊரும், அவர் கால் டயருக்குப் பக்கத்தில் இருக்கும். யார் நிறுத்தினாலும் நியூட்ரல், ஹேண்ட்பிரேக், பிறகுதான் "நல்லா இருக்கேங்க". நெல் கொள்முதல் நிலையத்து வாசலில், பால் வாங்குகிற இடத்தில், மகளை டியூஷனில் இறக்கிவிடும்போது, எல்லா இடத்திலும் இப்படித்தான். என்ஜின் ஓடும்போது குழந்தையை முன் சீட்டில் தனியாக விட்டு இறங்காதீர்கள், லீவர் அவர்கள் கைக்கு எட்டுகிற உயரத்தில்தான் இருக்கிறது.

ஆட்டோமேட்டிக் என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே நாலு விதம் உண்டு, ஓட்டும் முறையும் கொஞ்சம் மாறும். ஏஎம்டி என்பது சாதாரண கியர்பாக்ஸும் கிளட்சும்தான், மிதிக்கிற வேலையையும் மாற்றுகிற வேலையையும் ஒரு இயந்திரம் செய்கிறது. நம் நாட்டில் 2014-ல் மாருதி செலெரியோவில் வந்தபிறகுதான் சின்ன பட்ஜெட் வீடுகளுக்கும் ஆட்டோமேட்டிக் எட்டியது. டார்க் கன்வர்ட்டரில் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் எண்ணெய் சுழன்று சக்தியைக் கடத்துகிறது, ஊர்ந்து போவதில் இதைவிட மென்மையானது இல்லை, முரட்டுக் காலையும் பொறுத்துக்கொள்ளும். சிவிடி-யில் படிப்படியான கியரே கிடையாது, பெல்ட் அல்லது செயின், திடீரென்று மிதித்தால் சத்தம் முதலில் ஏறும், வேகம் பின்னால்தான் வரும். டிசிடி-யில் இரண்டு கிளட்ச், மிக வேகமாக கியர் மாறும், ஆனால் உலர் கிளட்ச் உள்ளவற்றை நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டே இருந்தால் சூடேறும். முன்னால் கொஞ்சம் இடம் விழட்டும் என்று நின்று, பிறகு ஒரேயடியாக நகர்வது அதற்கு நல்லது.

எங்கள் ஏஎம்டியைப் பற்றி நிறையப் பேர் சொல்லும் குறை, கியர் மாறும்போது தலை முன்னால் போய்வருகிறது என்பது. அது உண்மைதான், ஆனால் காலால் சரிசெய்யக்கூடியது. ஒரே அழுத்தமாக மிதித்துக்கொண்டே போனால்தான் அந்தக் குலுக்கல் வரும். கியர் மாறப் போகிற நேரம் என்ஜின் சத்தத்திலேயே தெரியும், அப்போது ஆக்ஸிலேட்டரை லேசாகத் தளர்த்தினால் உடனே வழுக்கிக்கொண்டு அடுத்த கியருக்குப் போய்விடும். கியர் வண்டியில் கிளட்ச் மிதிக்கும்போது வலது காலைத் தூக்குவோம் இல்லையா, அதேதான். அந்த வகையில் அப்பாவுக்கு இது என்னைவிடச் சீக்கிரம் வந்தது.

ஓவர்டேக் செய்வதில் மட்டும் மிகக் கவனம் வேண்டும். அறுவடைக் காலத்தில் நாகப்பட்டினம் போகிற சாலையில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு போகும், எதிரே என்ன வருகிறது என்பதே தெரியாது. ஏஎம்டியில் அந்த நேரத்தில் ஆக்ஸிலேட்டரைத் தரை வரை மிதித்தால், வண்டி கீழ் கியருக்கு இறங்கி இழுக்க ஆரம்பிக்கக் கிட்டத்தட்ட ஒரு விநாடி ஆகிவிடும். அந்த நேரத்தில் நாம் எதிர்ப் பக்க ரோட்டில் இழுவை இல்லாமல் இருப்போம். அதனால் வெளியே எடுப்பதற்கு முன்பே, டிராக்டருக்குப் பின்னால் இருக்கும்போதே, 'எம்'-முக்குத் தள்ளி ஒரு கியர் இறக்கிவிட வேண்டும். ரோடு காலியானதும் மிதித்தால் உடனே இழுக்கும். டார்க் கன்வர்ட்டரில் முழுசாக மிதித்தாலே இறங்கிவிடும் என்றாலும் அதற்கும் ஒரு சின்னத் தாமதம் உண்டு. சந்தேகமாக இருந்தால் போகாதீர்கள், அந்த டிராக்டர் எப்படியும் இரண்டு ஊர் தள்ளித் திரும்பிவிடும்.

டெல்டா தட்டையான நிலம், ஏற்றம் எங்கே என்று கேட்கலாம். வயலிலிருந்து ஆற்றங்கரைச் சாலைக்கு ஏறும் ஒவ்வொரு வழியும் ஏற்றம்தான், அதுவும் மேலே ஏறியதும் குறுக்கே பஸ் வருகிறதா என்று நின்று பார்க்க வேண்டிய ஏற்றம். ரயில்வே மேம்பாலமும் இருக்கிறது. ஏற்றத்தில் நின்றுவிட்டுக் காலைப் பிரேக்கிலிருந்து ஆக்ஸிலேட்டருக்கு மாற்றும் அந்த நொடியில் ஏஎம்டி வண்டி பின்னால் உருளலாம். ஹில் ஹோல்ட் உள்ள வண்டி இரண்டு மூன்று விநாடி பிடித்துக்கொள்ளும், வாங்கும்போதே இது இருக்கிறதா என்று கேளுங்கள், டச் ஸ்கிரீனைவிட இதுதான் முக்கியம். இல்லாவிட்டால் ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, 'டி'-யில் மெல்ல ஆக்ஸிலேட்டர் கொடுத்து, வண்டி முன்னால் இழுப்பது தெரிந்ததும் ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். சில பேர் ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை அரைகுறையாக மிதித்தபடியே வண்டியைத் தாங்கி நிறுத்தி வைத்திருப்பார்கள். ஏஎம்டியிலும் டிசிடியிலும் அது கிளட்சை எரித்துவிடும், வாடை வந்தபிறகு புலம்பிப் பயனில்லை.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்து நின்றவர்களுக்குத் தெரியும், தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய ஆள் அங்கேயே தூங்கிவிடலாம். அங்கே 'டி'-யில் பிரேக்கை மிதித்துக்கொண்டு நிற்பது காலுக்கும் கேடு, வண்டிக்கும் நல்லதில்லை. சின்ன சிக்னல் என்றால் 'டி'-யிலேயே பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம், லீவரை மாற்றி மாற்றிப் போட வேண்டியதில்லை. கேட் மாதிரி நீண்ட நேரம் என்றால் நியூட்ரலும் ஹேண்ட்பிரேக்கும், அதற்கும் மேலே போனால் என்ஜினையே அணைத்துவிடலாம். வண்டி கட்டுமீறிப் பாய்கிற ஆபத்து நேரம் தவிர, ஓடுகிற வண்டியில் நியூட்ரலுக்குப் போகவே கூடாது. பாலத்து இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறார்கள். இப்போதைய வண்டிகளில் கியரில் இருந்தபடி காலை எடுத்தால் பெட்ரோல் தானாகவே நின்றுவிடும், நியூட்ரலில்தான் என்ஜின் ஓடுவதற்குப் பெட்ரோல் குடிக்கும். மிச்சமும் இல்லை, என்ஜின் பிடிமானமும் போய்விடுகிறது.

ரிவர்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வயதானவர்களுக்கு விபத்து நடப்பது பெரும்பாலும் வாசலில்தான். பின்னால் திரும்பிப் பார்க்கும்போது இடுப்பு திரும்புகிறது, இடுப்போடு சேர்ந்து வலது காலும் தரையில் நகர்கிறது. பிரேக்குக்கு நேராக இருந்த குதிகால் கொஞ்சம் விலகிவிடும். அந்த நிலையில் "நிறுத்து" என்று யாராவது கத்தினால், பிரேக் என்று நினைத்து அழுத்துகிற இடத்தில் ஆக்ஸிலேட்டர் இருக்கும். வண்டி பாயும், பிரேக் பிடிக்கவில்லை என்று மூளை முடிவு கட்டும், இன்னும் அழுத்தமாக மிதிக்கும். திறமை இல்லாதவர்களுக்கு மட்டும் நடப்பதில்லை இது. அதனால் ரிவர்ஸில் உடம்பு திரும்பிய பிறகு ஒரு தடவை காலைப் பிரேக்கில் அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள், இடம் உறுதியானதும்தான் விடுங்கள். ரிவர்ஸில் ஆக்ஸிலேட்டரே வேண்டாம், ஊர்வதே போதும். பின்னால் நின்று வழி சொல்கிறவர்களிடமும் கத்தக்கூடாது, தட்டினால் போதும் என்று சொல்லி வைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் டிக்கியை இரண்டு தட்டு தட்டினால் நிறுத்த வேண்டும் என்று ஏற்பாடு. கேமரா இருந்தாலும் ஒரு தடவை இறங்கிப் பார்த்துவிட்டு ஏறுவேன், வாசலில் கோலம் போட உட்கார்ந்திருப்பவரும் டயருக்கு அடியில் படுத்த நாயும் கேமராவில் எப்போதும் தெரிவதில்லை.

எதிர்பாராமல் வண்டி பாய்ந்தால் செய்ய வேண்டியதை முன்கூட்டியே காலுக்குப் பழக்க வேண்டும். மிதித்துக்கொண்டிருக்கும் காலை முதலில் முழுசாகத் தூக்க வேண்டும், அப்புறம் பிரேக். தூக்காமல் அழுத்தத்தைக் கூட்டினால் தப்பான பெடலைத்தான் கூட்டுவோம். கை சும்மா இருந்தால் லீவரை நியூட்ரலுக்குத் தள்ளலாம், என்ஜின் கத்தும், ஆனால் சக்கரத்துக்குச் சக்தி போகாது. அந்தக் காலி மனை ரோட்டில் மெதுவாகப் போகும்போது 'டி'-யிலிருந்து நியூட்ரலுக்குத் தள்ளுவதை அப்பாவை நிறையத் தடவை செய்ய வைத்தேன். ஆபத்தில் யோசிக்க நேரம் இருக்காது, கை தானாகப் போக வேண்டும். ஓடும்போது சாவியைத் திருப்பி அணைக்க மட்டும் முயலாதீர்கள், ஸ்டீயரிங் கனத்துவிடும், பூட்டிக்கொள்ளவும் கூடும்.

கும்பகோணத்தில் முகூர்த்த நாள், திருவாரூரில் தேர், ஆகஸ்ட் 29-ல் கொடி ஏறி செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி, இந்த நாட்களில் கூட்டத்துக்குள் போவதற்கு ஆட்டோமேட்டிக் மாதிரி சுகம் எதுவும் இல்லை, நடைபயணமாக வருகிறவர்களுக்குப் பின்னால் பிரேக்கை விட்டுப் பிடித்து அவர்கள் வேகத்திலேயே போகலாம். ஹாரனும் வேண்டியிருக்காது.

மழைக்காலத்துக்கு வருகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் வடிகால் நிரம்பி ரோட்டுக்கு மேலே தண்ணீர் ஓடும். பாதி சக்கரத்துக்கு மேல் தண்ணீர் என்றால் போகவே வேண்டாம், தரைப்பாலத்தில் ஓடும் தண்ணீர் எவ்வளவு குறைவாகத் தெரிந்தாலும் வேண்டாம். அதற்குக் கீழே என்றால் 'எம்'-மில் முதல் கியரோ, சில வண்டிகளில் கீழ் கியருக்காக இருக்கும் 'எல்'-லோ போட்டு, நடுவில் நிற்காமல், ஒரே சீரான மிதியில் மெதுவாகப் போங்கள். 'டி'-யில் விட்டால் நடுத் தண்ணீரில் கியர் ஏறி இறங்கி வேகம் கெடும். கரை ஏறியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் போனால் பிரேக் காயும். நடுவில் என்ஜின் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள், தண்ணீர் உள்ளே போயிருந்தால் என்ஜினே உடையும், இறங்கி ஆட்களை வைத்து நியூட்ரலில் தள்ளுங்கள். களிமண் சேற்றில் மாட்டினால் மிதித்து மிதித்துச் சக்கரத்தைச் சுழற்ற வேண்டாம், குழிதான் ஆழமாகும், கியர்பாக்ஸ் சூடாகும். சக்கரத்துக்கு முன்னால் செங்கல்லோ பலகையோ போட்டு, இரண்டாம் கியரில் மெல்ல எடுத்தால் பெரும்பாலும் ஏறிவிடும்.

தை முதல் பங்குனி வரை ரோட்டில் வைக்கோலும், உளுந்து, பயறுச் செடியும் பரப்பி வைப்பார்கள். முடிந்தவரை ஒதுங்கிப் போங்கள், அதன் மேல் வண்டியை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். அடியில் இருக்கும் சைலென்சர் கொதிக்கிற சூட்டில் இருக்கும், சக்கர அச்சில் சுற்றிய வைக்கோல் தீப்பிடித்து முழு வண்டியும் எரிந்து போனது உண்டு. இது எல்லா வண்டிக்கும் பொருந்தும், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

மலைக்குப் போகிறவர்களுக்கு: கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. ஏறுவதற்கு 'டி' போதும், இறங்கும்போது 'டி'-யிலேயே விட்டுப் பிரேக்கை மட்டும் நம்பினால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். 'எம்'-மில் இரண்டாம் கியரோ முதல் கியரோ, 'எல்' இருந்தால் 'எல்', என்ஜினே வண்டியைப் பிடித்து வைத்திருக்கும், பிரேக்கை வளைவுக்கு முன்னால் மட்டும் தொட்டால் போதும். தட்டை நிலத்திலேயே ஓட்டிப் பழகிய நம்மவர்கள் கோடை விடுமுறையில் மலைக்குப் போய்த் தடுமாறுவது இதில்தான்.

கடைசியாக, நின்றுபோன வண்டி. பேட்டரி போய்விட்டால் ஆட்டோமேட்டிக்கைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது, நாலு பேர் உற்சாகமாக வந்து கை வைப்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டிக்கியில் ஒரு ஜம்பர் கேபிள் வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கரன்ட் இல்லாமல் லீவர் 'பி'-யில் மாட்டிக்கொண்டால், பல வண்டிகளில் லீவருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும், அதைத் திறந்து சாவி நுனியால் அழுத்தியபடி லீவரை நியூட்ரலுக்கு இழுக்கலாம், இருட்டில் தேடாமல் இப்போதே அது எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போக வேண்டுமானால் டிராக்டரில் கயிறு கட்டி வெகுதூரம் இழுக்கக்கூடாது. முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் அந்தச் சக்கரம் தரையில் சுழலும், என்ஜின் ஓடாமல் உள்ளே எண்ணெய் ஓடாது, கியர்பாக்ஸ் காய்ந்து கெட்டுவிடும். போன் செய்யும்போதே வண்டி ஆட்டோமேட்டிக் என்று சொல்லி, மேலே ஏற்றிக்கொண்டு போகிற பிளாட்பெட் லாரியையோ, முன்சக்கரத்தைத் தூக்கி இழுக்கிற வண்டியையோ அனுப்பச் சொல்லுங்கள்.